சேஸியைத் தேர்ந்தெடுத்தல்: சக்கரம் முதலில், கூடு பிறகு

நீராவி எஞ்சின் மாதிரி செய்ய உட்காருகிறவர்களில் பெரும்பாலோர் மேலிருந்துதான் தொடங்குகிறார்கள். புகைபோக்கி, பாய்லர், டோம், டிரைவர் கேபின் என்று பிளாஸ்டிக் தகட்டிலோ முப்பரிமாண அச்சிலோ அழகான கூடு ஒன்றைச் செய்து முடிப்பார்கள். அதற்குப் பிறகு, "இதற்கு அடியில் மாட்ட ஓடுகிற சேஸி எங்கே கிடைக்கும்?" என்று தேடுவார்கள். அநேகமாகக் கிடைக்காது. கிடைத்தாலும் மோட்டார் பாய்லருக்குள் நுழையாது, சக்கரம் மேல்தகட்டில் இடிக்கும், சிலிண்டர் வேறெங்கோ நிற்கும். செய்த கூடு அலமாரிக்குப் போய்விடும்.

இந்த அத்தியாயம் அந்த வரிசையை மாற்றுகிறது. முதலில் சேஸி. அது கைக்கு வந்து, ஒழுங்காக ஓடுகிறது என்று தெரிந்த பிறகுதான் கூட்டுக்கான முதல் கோடு.

சேஸி என்று இங்கே சொல்வது மோட்டார், கியர், சக்கரங்கள், ராடுகள், தண்டவாளத்திலிருந்து மின்சாரம் எடுக்கும் தகடுகள் எல்லாம் சேர்ந்து, மேற்கூடு இல்லாமலேயே ஓடக்கூடிய கீழ்ப்பாகத்தை. லேத் வைத்திருப்பவர்கள் இதைத் தாங்களே செய்துகொள்ளலாம். முதல் எஞ்சினுக்கு அது வேண்டாம். கடையில் கிடைக்கும் ஒரு மாதிரியை வாங்கி, அதன் கூட்டைக் கழற்றிவிட்டு, கீழ்ப்பாகத்தைப் பயன்படுத்துவதே நம் வழி.

உதாரணத்துக்கு ஒரே எஞ்சினைக் கடைசிவரை எடுத்துக்கொள்வோம்: இந்திய ரயில்வேயின் பிராட்கேஜ் சரக்கு எஞ்சின் டபிள்யூ.ஜி. சக்கர அமைப்பு 2-8-2. முன்னால் 2, நடுவில் ராடுகளால் இணைந்த 8, பின்னால் 2. 1950 முதல் 1970 வரை 2,450 எஞ்சின்கள் வந்தன. சித்தரஞ்சன் தொழிற்சாலை கட்டிய முதல் நீராவி எஞ்சினும் இதுதான், கடைசி பிராட்கேஜ் நீராவி எஞ்சினும் இதுதான்.

முதலில் கேஜ் கணக்கு

ஸ்கேல் என்பது எத்தனை மடங்கு சிறிது என்பது. கேஜ் என்பது இரண்டு தண்டவாளங்களுக்கு நடுவில் உள்ள இடைவெளி. இரண்டையும் குழப்பிக்கொண்டால் பின்னால் எதுவும் பொருந்தாது.

உலகெங்கும் அதிகம் விற்பது ஹெச்.ஓ. ஸ்கேல்: 87இல் ஒரு பங்கு, கேஜ் 16.5 மி.மீ. இந்த 16.5 என்பது 1,435 மி.மீ. கேஜுக்காக வந்த எண். நம் பிராட்கேஜ் 1,676 மி.மீ. அதை 87ஆல் வகுத்தால் 19.3 வருகிறது. அதாவது ஹெச்.ஓ. தண்டவாளம் நமக்கு 2.8 மி.மீ. குறுகல்.

இங்கே இரண்டு வழி. ஒன்று, 19.3 மி.மீ. தண்டவாளத்தைக் கையாலேயே போட்டு, ஒவ்வொரு அச்சையும் அகலப்படுத்துவது. இரண்டாவது, குறுகலை ஏற்றுக்கொள்வது. பிரிட்டனில் ஓ.ஓ. ஸ்கேல்காரர்கள் பல தலைமுறையாக இரண்டாவதைத்தான் செய்கிறார்கள். 76இல் ஒரு பங்கு எஞ்சினை அதே 16.5 மி.மீ. தண்டவாளத்தில் ஓட்டுகிறார்கள். நீங்களும் அப்படியே ஏற்றுக்கொள்ளுங்கள். பக்கவாட்டில் பார்க்கிறவருக்கு வித்தியாசம் தெரியாது. முன்னிருந்து பார்த்தால் தெரியும். பஃபர் பலகையையும் மாடுதள்ளியையும் சரியான அகலத்தில் செய்து வைத்தால் பெருமளவு மறைந்துவிடும்.

மீட்டர்கேஜ் ஆசை இருப்பவர்களுக்குக் கதை வேறு. 1,000 மி.மீ.ஐ 87ஆல் வகுத்தால் 11.5. அருகில் இருக்கும் கேஜ் 12 மி.மீ. இதே 12 மி.மீ.யில்தான் டி.டி. ஸ்கேல் மாதிரிகள், அதாவது 120இல் ஒரு பங்கு, ஓடுகின்றன. ஹார்ன்பி நிறுவனம் 2022இல் தொடங்கிய டி.டி. வரிசையில் ஏ4 என்ற 4-6-2 எஞ்சின் உண்டு. நிஜத்தில் அதன் இயக்கச் சக்கரம் 2,032 மி.மீ.; மாதிரியில் 16.9. நம் மீட்டர்கேஜ் எஞ்சின் ஒய்.பி.யும் 4-6-2தான், சக்கரம் 1,372 மி.மீ. 87ஆல் வகுத்தால் 15.8. ஏழு சதவீதம் பெரிய சக்கரம், எனக்கு ஒப்பவில்லை. ஆனால் ஒய்.பி.யை 80ஆல் வகுத்துப் பாருங்கள்: 17.2 வருகிறது. கேஜ் 12.5. இரண்டுமே கிட்டத்தட்டப் பொருந்துகின்றன. எஞ்சின் தனியாக, தனக்கென்று செய்த பெட்டிகளோடு ஓடப்போகிறது என்றால் ஸ்கேலையே இப்படிக் கொஞ்சம் நகர்த்தலாம். ஜப்பானில் 80இல் ஒரு பங்கு வழக்கமான ஸ்கேல்தான். அந்த அளவில் மனித உருவங்களும் கிடைக்கும். அச்சு இடைவெளி பொருந்துகிறதா என்பதை மட்டும் கீழே சொல்லும் முறையில் பார்த்துக்கொள்ளுங்கள்.

வீட்டில் இடம் குறைவு என்றால் 'என்' (N) ஸ்கேல்: பொதுவாக 160இல் ஒரு பங்கு, கேஜ் 9 மி.மீ. ஜப்பானின் டி51 எஞ்சினும் 2-8-2. அதன் 1,400 மி.மீ. சக்கரம், அங்கே வழக்கமான 150இல் ஒரு பங்கில் 9.3 மி.மீ. டபிள்யூ.ஜி.யை 160ஆல் வகுத்தால் 9.8. காட்டோ நிறுவனத்தின் டி51 சேஸியை அந்த வகையில் பரிசீலிக்கலாம். ஆனால் 'என்' ஸ்கேலில் பாய்லருக்குள் இடம் மிகக் குறைவு. கண்ணும் கையும் பழகிய பிறகு போவது நல்லது.

நீலகிரி மலை ரயிலின் எக்ஸ் எஞ்சினைத்தான் செய்வேன் என்று வருகிறவர்கள் பலர். ஆசை புரிகிறது. சுவிட்சர்லாந்தில் வின்டர்தூரில் பிறந்து, பின்னாளில் பொன்மலைப் பணிமனையிலும் செய்யப்பட்ட எஞ்சின் அது. ஆனால் பக்கத்துக்கு இரண்டு சிலிண்டர்கள் ஒன்றின்மேல் ஒன்றாக. மேலே உள்ளது பற்சக்கரத்தை ஓட்டுகிறது. அந்த ராடுகள் எந்தக் கடைச் சேஸியிலும் இருக்காது. முதல் வேலையாக அதைத் தொடாதீர்கள்.

நான்கு அளவுகள்

சேஸி தேடப் புறப்படுமுன் நிஜ எஞ்சினின் நான்கு அளவுகளை ஒரு தாளில் எழுதிவைத்துக்கொள்ளுங்கள்.

1. இயக்கச் சக்கரத்தின் விட்டம். டபிள்யூ.ஜி.க்கு 1,562 மி.மீ. ஹெச்.ஓ.வில் 18 மி.மீ.

2. இயக்க அச்சுகளின் இடைவெளி: முதல் அச்சிலிருந்து கடைசி அச்சு வரை மொத்தமும், ஒவ்வொரு இடைவெளியும் தனித்தனியாக. எல்லா இடைவெளியும் சமமாக இருக்கும் என்று எண்ணாதீர்கள். பிரிட்டனின் பல ஆறு சக்கர எஞ்சின்களில் முன் இடைவெளி 8 அடி, பின் இடைவெளி 8 அடி 6 அங்குலம்.

3. சிலிண்டரின் நடுப்புள்ளிக்கும் முதல் இயக்க அச்சுக்கும் உள்ள தூரம். இதைப் பலரும் எழுதுவதே இல்லை. பக்கவாட்டில் எஞ்சினின் முகத்தைத் தீர்மானிப்பது இதுதான்.

4. பாய்லரின் வெளிவிட்டம், தண்டவாளத்திலிருந்து அதன் அடிப்பாகம் இருக்கும் உயரம், ஃபயர்பாக்ஸின் அகலம். மோட்டார் நுழையுமா என்பது இங்கேதான் தெரியும்.

வரைபடம் கையில் இருந்தால் நல்லது. இல்லாவிட்டால் நிறுத்தி வைத்திருக்கும் எஞ்சின் போதும். சென்னையில் ஐ.சி.எஃப். அருகே உள்ள ரயில் அருங்காட்சியகத்திலும், பல ரயில் அலுவலகங்களின் வாசலிலும் பழைய எஞ்சின்கள் நிற்கின்றன. அனுமதி கேட்டுவிட்டு டேப்பை நீட்டுங்கள். ஓடுகிற பாதைக்குப் பக்கத்தில், யார்டில், ஷெட்டில் அனுமதியில்லாமல் இறங்க வேண்டாம்.

போட்டோவிலிருந்து அளவெடுக்கவும் முடியும். எஞ்சினுக்கு நேர் பக்கவாட்டில், முடிந்த அளவு தூரத்தில் நின்று, ஜூம் செய்து எடுங்கள். அச்சிட்ட படத்தில் இயக்கச் சக்கரம் 31 மி.மீ. இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். நிஜத்தில் 1,562 என்று தெரியும். ஆக படத்தின் ஒவ்வொரு மி.மீ.யும் நிஜத்தில் ஏறத்தாழ 50 மி.மீ. மற்ற எல்லா அளவுகளையும் இந்த விகிதத்தில் கண்டுபிடிக்கலாம்.

குறிப்பு: நிறுத்தி வைத்திருக்கும் எஞ்சினின் சக்கரத்தை டேப்பால் அளந்தால் புத்தக அளவைவிடக் குறைவாக வரலாம். ஓடி ஓடி, கடைந்து கடைந்து டயர் தேய்ந்திருக்கும். விகிதம் போடும்போது, படத்தில் இருக்கும் அதே எஞ்சினை நேரில் அளந்த எண் இருந்தால் அதையே வையுங்கள்.

எவ்வளவு வித்தியாசம் பொறுக்கலாம்

நான்கும் அப்படியே பொருந்தும் சேஸி கிடைப்பது அபூர்வம். எங்கே விட்டுக்கொடுக்கலாம் என்பதில்தான் வேலை இருக்கிறது. நான் வைத்திருக்கும் எல்லை இது: சக்கர விட்டம் ஐந்து சதவீதத்துக்குள், ஒவ்வொரு அச்சு இடைவெளியும் ஹெச்.ஓ.வில் ஒரு மி.மீ.க்குள், இயக்கச் சக்கரங்களின் எண்ணிக்கையில் விட்டுக்கொடுப்பே கிடையாது.

சக்கரம் தவறத்தான் வேண்டும் என்றால் சிறியதாகத் தவறட்டும். மாதிரிச் சக்கரங்களின் ஃபிளாஞ்ச் நிஜத்தைவிட ஆழமானது. பெரிய சக்கரத்தில் அந்த ஃபிளாஞ்சும் சேர்ந்துகொண்டால் பக்கத்துச் சக்கரத்தோடு உரசுவதுபோல் தோன்றும். மேல்தகட்டையும் தூக்கவேண்டி வரும். எஞ்சின் முழுதும் உயர்ந்து, குதிகால் செருப்புப் போட்டதுபோல் நிற்கும். சிறிய சக்கரத்துக்கு அந்தத் தொல்லை இல்லை.

ராடு, ஸ்லைடு பார், வால்வு அசைக்கும் அமைப்பு ஆகியவை நிஜ எஞ்சினின் வகையோடு ஒத்துப்போக வேண்டும். டபிள்யூ.ஜி.யில் வால்ஷார்ட்ஸ் அமைப்பு வெளியே தெரியும். சிலிண்டர்கள் உள்ளே இருக்கும் பிரிட்டிஷ் டேங்க் எஞ்சின் சேஸியை வாங்கிவிட்டு வெளி ராடுகளைப் புதிதாகச் சேர்க்கலாம் என்று கனவு காணாதீர்கள். அது தனி எஞ்சின் செய்வதற்குச் சமமான வேலை.

டபிள்யூ.ஜி.க்குப் பொருத்திப் பார்ப்போம்

அமெரிக்காவில் முதல் உலகப் போர்க் காலத்தில் அரசு ரயில் நிர்வாகம் பொது வடிவங்களாகச் சில எஞ்சின்களை வகுத்தது. அவற்றில் ஒன்று லைட் மிகாடோ, 2-8-2. இயக்கச் சக்கரம் 63 அங்குலம், அதாவது 1,600 மி.மீ. ஹெச்.ஓ.வில் 18.4. நமக்கு வேண்டியது 18. வித்தியாசம் இரண்டரை சதவீதத்துக்குள். பெரிய பக்கம் தவறினாலும் எல்லைக்குள் இருக்கிறது. முதல் இயக்க அச்சிலிருந்து கடைசி வரை 16 அடி 9 அங்குலம்; ஹெச்.ஓ.வில் சுமார் 58.7 மி.மீ. வால்ஷார்ட்ஸ் அமைப்பு வெளியே. பின்னால் ஒற்றை அச்சு, அகலமான ஃபயர்பாக்ஸ். ஏதேர்ன், பிராட்வே லிமிடெட் ஆகிய நிறுவனங்கள் இதை ஹெச்.ஓ.வில் விற்றிருக்கின்றன, பழைய மாதிரிகள் இரண்டாம் கையாகவும் கிடைக்கும்.

இனி நீங்கள் எடுத்த டபிள்யூ.ஜி. அளவுகளை இதன் பக்கத்தில் எழுதிப் பாருங்கள். அச்சு இடைவெளி எல்லைக்குள் வந்தால் மேலே போகலாம். சிலிண்டர் தூரம் ஒன்றிரண்டு மி.மீ. தள்ளி இருந்தால் சிலிண்டரின் வெளிக்கூட்டை மட்டும் மாற்றிச் சமாளிக்கலாம். ஸ்லைடு பாரைத் தொட வேண்டாம். டெண்டர் முழுக்க வேறு, அதைப் புதிதாகத்தான் செய்ய வேண்டும். அதில் ஒரு நன்மையும் உண்டு: டிஜிட்டல் கட்டுப்பாட்டுக்கான டிகோடரும் ஒலிபெருக்கியும் அங்கே போய்விடும்.

பிராட்கேஜ் பயணிகள் எஞ்சினான டபிள்யூ.பி.யைச் செய்ய நினைப்பவர்களுக்கு ஒரு வரி. அதன் சக்கரம் ஏறத்தாழ 1,700 மி.மீ., ஹெச்.ஓ.வில் 19.5. 4-6-2 எஞ்சின்களில் இது சிறிய சக்கரம். அமெரிக்க லைட் பசிஃபிக்கின் சக்கரம் 73 அங்குலம், ஹெச்.ஓ.வில் 21.3, ஒத்து வராது. குண்டு மூக்கு எல்லோருக்கும் பிடிக்கும். சேஸிதான் பிடி கொடுக்காது. முதல் எஞ்சினாக டபிள்யூ.ஜி.யே மேல்.

மோட்டார் எங்கே உட்கார்ந்திருக்கிறது

சக்கரம் பொருந்திவிட்டது என்று உடனே பணம் கட்டாதீர்கள். கூட்டைக் கழற்றிய நிலையில் சேஸியின் பக்கவாட்டுப் படத்தைத் தேடுங்கள். விற்பவரிடம் கேட்டால் பெரும்பாலும் அனுப்புவார்கள்.

1. அந்தப் படத்தை, சக்கர விட்டத்தை அளவுகோலாக வைத்து, மாதிரியின் உண்மையான அளவுக்கே அச்சிடுங்கள்.
2. மோட்டார், ஃபிளைவீல், எடைக்கட்டி ஆகியவற்றின் வெளிக்கோட்டை அட்டையில் வெட்டி எடுங்கள்.
3. உங்கள் எஞ்சினின் பக்கவாட்டு வரைபடத்தை அதே அளவில் அச்சிட்டு, அட்டையை மேலே வையுங்கள். இயக்கச் சக்கரங்கள் ஒன்றின்மேல் ஒன்று விழவேண்டும்.
4. அட்டை பாய்லர் கோட்டுக்கு வெளியே எங்கே நீட்டுகிறது என்று பாருங்கள். கேபினுக்குள் நீட்டினால் சகித்துக்கொள்ளலாம், கறுப்பு வர்ணம் அடித்து மறைக்கலாம். பாய்லருக்கும் ஃபிரேமுக்கும் நடுவில் வெளிச்சம் தெரியவேண்டிய இடத்தில் நீட்டினால் மறைக்க வழியில்லை.
5. கூட்டின் தகடு கனத்துக்குச் சுற்றிலும் குறைந்தது 1 மி.மீ.யும், உரசாமல் இருக்க இன்னும் அரை மி.மீ.யும் விடுங்கள்.

பல அமெரிக்க மாதிரிகளில் எடைக்கட்டியே பாய்லரின் வடிவத்தில் வார்க்கப்பட்டிருக்கும். உங்கள் பாய்லர் மெலிந்தது என்றால் அதைக் கழற்றிவிட்டுப் புதிய எடை வைக்கவேண்டும். கழற்றினால் மோட்டார் எதில் பிடித்து நிற்கிறது என்பதையும் பாருங்கள். சிலவற்றில் அந்த வார்ப்புதான் மோட்டாரையும் பிடித்துக்கொண்டிருக்கும்.

மெலிந்த பாய்லர் எஞ்சின்களுக்கு இன்னொரு வழி, மோட்டாரே டெண்டரில் இருக்கும் சேஸி. ஜெர்மனியின் ஃபிளெய்ஷ்மான் போன்றவர்கள் பல எஞ்சின்களை அப்படிச் செய்தார்கள். பாய்லர் முழுக்கக் காலி. ஆனால் டெண்டரின் அளவு மோட்டாருக்குக் கட்டுப்பட்டதாகிவிடும். டெண்டர் தள்ள, எஞ்சின் சும்மா உருளும். ராடுகள் லேசாகச் சுற்றாவிட்டால் சக்கரங்கள் வழுக்கிக்கொண்டே போகும்.

வேகக் கணக்கு

கியர் விகிதம் தெரிந்தால் கணக்குப் போட்டுவிடலாம். மோட்டார் 12 வோல்ட்டில் நிமிடத்துக்கு 10,000 சுற்று, கியர் 30க்கு 1 என்றால் சக்கரம் 333 முறை சுற்றும். 18.4 மி.மீ. சக்கரத்தின் சுற்றளவு 57.8 மி.மீ. நிமிடத்துக்கு 19.3 மீட்டர், மணிக்கு 1.16 கி.மீ. அதை 87ஆல் பெருக்கினால் மணிக்கு 100 கி.மீ. சரக்கு எஞ்சினுக்கு இது அதிகம். 40க்கு 1 என்றால் 75. உச்ச வேகம் கூடுதலாக இருந்தாலும் பாதகமில்லை, கைப்பிடியைத் திருகாமல் இருந்தால் போதும். மெதுவாக ஓடவேண்டும் என்பதுதான் முக்கியம்.

வாங்கும்போது சோதனை

புதியதோ பழையதோ, இந்த வரிசையில் பாருங்கள். பழையது என்றால் ஒன்றையும் விடாதீர்கள்.

1. கண்ணால்: துத்தநாக உலோக வார்ப்பில் மயிரிழை வெடிப்பு, உப்பல், வளைவு இருக்கிறதா? பழைய வார்ப்புகளில் கலப்படத்தால் உலோகமே உள்ளுக்குள் சிதையும். ஒருமுறை தொடங்கினால் நிற்காது, பசை போட்டும் பயனில்லை. அங்கேயே விட்டுவிடுங்கள்.

2. அடியில் திருப்பி: நீளமான உரசுதகடு ஒன்று நடுவில் இருந்தால் அது மார்க்லின் போன்ற மூன்று தண்டவாள முறை. அதில் இடது வலது சக்கரங்கள் மின்சாரத்தில் ஒன்றோடொன்று இணைந்தவை. நம் இரண்டு தண்டவாளத்தில் வைத்த உடனே ஷார்ட் ஆகும். விலை மலிவாக இருப்பதைப் பார்த்து ஏமாறுகிறவர்கள் அதிகம்.

3. சக்கரம்: ஃபிளாஞ்ச் மிக ஆழமாக இருந்தால் உயரம் குறைந்த தண்டவாளத்தில் ஆணித்தலைகளில் இடித்துக்கொண்டே ஓடும். இரண்டு சக்கரங்களின் உட்புற இடைவெளியை வெர்னியர் காலிபரால் அளந்து, எல்லா அச்சிலும் ஒரே எண் வருகிறதா என்று பாருங்கள்.

4. 9 வோல்ட் பேட்டரி: இரண்டு ஒயர்களை இரு பக்கத்துச் சக்கரங்களில் தொட்டுப் பாருங்கள். மோட்டார் சுற்றவேண்டும். டிகோடர் பொருத்தியது என்றால் இந்தச் சோதனை நம்பகமானதல்ல.

5. காதால்: ஒவ்வொரு சுற்றுக்கும் ஒருமுறை 'டிக்' என்று கேட்டால் அச்சில் உள்ள பிளாஸ்டிக் கியர் வெடித்திருக்கக்கூடும். மாற்றுக் கியர் கிடைக்கும் என்று உறுதியானால் மட்டும் வாங்குங்கள்.

6. ராடு: மிக மெதுவாக ஓடும்போது ஒரே இடத்தில் தயங்கினால் இடது வலது கிராங்குகளின் 90 டிகிரிக் கோணம் பிசகியிருக்கலாம். புதியவர்களால் இதைச் சரிசெய்வது கடினம்.

7. மெதுவோட்டம்: ஒரு மீட்டர் தண்டவாளத்தைக் கடக்க எவ்வளவு நேரம் என்று பாருங்கள். ஹெச்.ஓ.வில் ஒரு நிமிடம் ஆனால் அது நிஜத்தில் மணிக்கு 5 கி.மீ. திணறாமல் இந்த வேகத்தில் போகும் சேஸி நல்ல சேஸி. நிற்கிற, தாவுகிற சேஸி எவ்வளவு சரியான அளவில் இருந்தாலும் வேண்டாம்.

8. மின்னோட்டம்: மல்டிமீட்டரைத் தொடரில் போட்டு, எஞ்சினை விரலால் பிடித்துச் சக்கரம் நிற்கும்போது எத்தனை ஆம்பியர் என்று பாருங்கள். ஒரு விநாடிதான், அதற்கு மேல் பிடித்தால் மோட்டார் சூடாகிவிடும். அந்த எண்ணுக்கு மேல் தாங்கும் டிகோடரைத்தான் பிறகு வாங்கவேண்டும்.

வெளிநாட்டிலிருந்து வரவழைத்தால் இந்தச் சோதனைகளை நேரில் செய்ய வழியில்லை. மெதுவாக ஓடும் வீடியோ கேளுங்கள். கூரியர் செலவும் சுங்க வரியும் சேர்ந்து வருவதையே உண்மையான விலையாகக் கணக்கில் வையுங்கள்.

டி.சி.சி. வேண்டுமா

டி.சி.சி. என்ற டிஜிட்டல் கட்டுப்பாடு வேண்டுமா என்பதைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று தள்ளாமல், வாங்கும்போதே முடிவெடுங்கள். 8 முள் அல்லது 21 முள் சாக்கெட் இருந்தால் வேலை சுலபம். இல்லாவிட்டால் மோட்டாரின் இரண்டு முனைகளையும் ஃபிரேமிலிருந்து முழுதாகப் பிரிக்கவேண்டும். சில பழைய சேஸிகளில் ஃபிரேமே இரண்டு பாதியாகப் பிளந்து, ஒவ்வொரு பாதியும் ஒரு தண்டவாளத்தின் மின்சாரத்தைச் சுமக்கும். அவற்றில் மோட்டாரைப் பிரிப்பது சிரமம். ஒரு முனை பிரியாமல் டிகோடரை மாட்டினால் அது அப்போதே கருகும்.

கோர்லெஸ் மோட்டார் உள்ள சேஸியைப் பழைய துடிப்பு வகை கண்ட்ரோலரில் ஓட்டாதீர்கள். அது சூடேறிச் செத்துப்போகும்.

வழக்கமாக நடக்கும் தவறுகள்

பெயர் பார்த்து வாங்குவது முதல் தவறு. ஒரே நிறுவனம் ஒரு எஞ்சினுக்கு அருமையான சேஸியும் இன்னொன்றுக்குச் சுமாரானதும் போடும். நிறுவனத்தை விட்டுவிட்டு அந்தக் குறிப்பிட்ட சேஸியைப் பற்றி விசாரியுங்கள்.

வளைவை மறப்பது அடுத்தது. எட்டு இணைந்த சக்கரங்கள் உள்ள ஹெச்.ஓ. எஞ்சினுக்கு 457 மி.மீ. ஆரத்துக்குக் குறைவான வளைவு ஆபத்து. நடுவில் ஃபிளாஞ்ச் இல்லாத சக்கரம் வைத்திருந்தால் கொஞ்சம் சமாளிக்கும். முன்சக்கரம் சிலிண்டரில் இடித்து ஷார்ட் ஆவதும் வளைவில்தான் தெரியும். நேர்ப்பாதையில் மட்டும் ஓட்டிப் பார்த்து முடிவு சொல்லாதீர்கள்.

எத்தனை சக்கரங்கள் மின்சாரம் எடுக்கின்றன என்று பார்க்காமல் விடுவதும் உண்டு. ரப்பர் வளையம் போட்ட சக்கரம் இழுவைக்கு நல்லது, மின்சாரம் எடுக்க உதவாது. டெண்டர் சக்கரங்களும் மின்சாரம் எடுக்கும் சேஸி கிடைத்தால் கொஞ்சம் கூடுதலாகக் கொடுக்கலாம்; உங்கள் புதிய டெண்டரிலும் அந்த ஏற்பாட்டை வைத்துக்கொள்ளுங்கள்.

எடையை எங்கே வேண்டுமானாலும் வைப்பது கடைசி. எஞ்சினை ஒரு பென்சில்மேல் குறுக்காக வைத்துச் சமநிலை பாருங்கள். இயக்கச் சக்கரங்களின் நடுவில் நிற்கவேண்டும். முன்னால் சாய்ந்தால் கடைசி இயக்கச் சக்கரம் காற்றில் வழுக்கும்.

பாதுகாப்பு

மோட்டாரின் கார்பன் பிரஷ்ஷைக் கழற்றும்போது உள்ளிருக்கும் ஸ்பிரிங் கண்ணுக்கு நேராகத் தெறிக்கும். கண்ணாடி போட்டுக்கொள்ளுங்கள், வெள்ளைத் தட்டு ஒன்றுக்குள் வைத்து வேலை செய்தால் தெறித்ததும் தொலையாது.

எடைக்கு ஈயம் வைப்பவர்கள் அதை அரம் போட்டு ராவாதீர்கள். வெட்டுங்கள்; பிறகு சோப்பு போட்டுக் கை கழுவுங்கள். ஈயத்தை உருக்குவது வீட்டு வேலை அல்ல. சிறுவர்கள் இருக்கும் வீட்டில் டங்ஸ்டன் துண்டுகளை வாங்கிக்கொள்வது மேல்.

சால்டரிங் புகையை நேராக மூக்கில் இழுக்காதபடி ஜன்னல் ஓரம் உட்காருங்கள். கியர் பக்கம் சூப்பர் குளூவைக் கொண்டுபோகாதீர்கள். அதன் ஆவியும் துளியும் அச்சைப் பிடித்துவிடும். எண்ணெய் போடும்போது பிளாஸ்டிக்குக்குப் பாதுகாப்பானது என்று எழுதியிருப்பதை மட்டும், ஊசி முனையளவு போடுங்கள். வீட்டுத் தையல் எந்திர எண்ணெய் சில பிளாஸ்டிக்குகளை நாளடைவில் வெடிக்க வைக்கும்.

மின்சாரத்துக்கு பி.ஐ.எஸ். பதிவு முத்திரை உள்ள 12 வோல்ட் அடாப்டரை வாங்குங்கள். 230 வோல்ட் பக்கத்தை நீங்களே திறந்து வயர் இழுக்க வேண்டாம்.

கூட்டைக் கழற்றுவதற்கு முன்னும் பின்னும்

1. சேஸியை அதன் பழைய கூட்டோடேயே பாதி வேகத்தில் ஒரு திசையில் அரை மணி, மறுதிசையில் அரை மணி ஓட்டிப் பழக்குங்கள். திருப்பி அனுப்பவேண்டிய குறை இருந்தால் இப்போதே தெரிந்துவிடும்.
2. பிரிக்கும் ஒவ்வொரு கட்டத்திலும் போட்டோ எடுங்கள். திருகுகளின் நீளம் வேறுவேறு. எது எங்கே என்று தாளில் ஒட்டிவையுங்கள். நீளத் திருகைத் தவறான துளையில் முறுக்கினால் கியரில் இடிக்கும்.
3. கூடு எங்கெங்கே சேஸியில் திருகப்படுகிறது என்று காலிபரால் அளந்து எழுதுங்கள். உங்கள் புதிய கூடும் அதே துளைகளில்தான் உட்காரவேண்டும். சேஸியில் புதுத் துளை போடாமல் முடிக்க முடிந்தால் மிக நல்லது.
4. வெறும் சேஸியை மறுபடி ஓட்டிப் பாருங்கள். எடை குறைந்ததால் மின்சாரத் தொடர்பு விட்டுவிட்டு வரலாம். ஒரு சிறு எடையைக் கட்டிவைத்து ஓட்டுங்கள்.

கழற்றிய பழைய கூட்டைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். அதன் உட்புறத்தில்தான் மோட்டாருக்கு எவ்வளவு இடம் விடவேண்டும், ஒயர் எந்த வழியாகப் போகவேண்டும் என்பதெல்லாம் இருக்கிறது. உங்கள் எஞ்சின் முடிந்து ஓடிய பிறகு அதை விற்றுவிடலாம். கூடு உடைந்த மாதிரி வைத்திருக்கும் யாராவது அதைத் தேடிக்கொண்டிருப்பார்.